ஒடித்துத் திருப்பினால் ‘டக் டக்’: ஆக்சில் கேள்விகள்

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்சில். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே வீடு. முற்றத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து வண்டியைத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று சத்தம். நேராகப் போனால் ஒன்றுமில்லை. இப்படியே ஓட்டலாமா? (குலசேகரம்)

ஆக்சிலில் சக்கரத்துப் பக்கம் இருக்கும் வளையும் மூட்டு, அதாவது அவுட்டர் ஜாயின்ட், தேய்ந்திருக்கிறது. அதற்குள் ஆறு எஃகுக் குண்டுகள் தடங்களில் உட்கார்ந்திருக்கும். நேராகப் போகும்போது அவை அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும்; ஒடிக்கும்போதுதான் தடத்தில் முன்னும் பின்னும் ஓடும். தடத்தில் குழி விழுந்தால் அப்போது சத்தம் வரும். எந்தப் பக்கம் என்று தெரிய, ஒரு மதிலோரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக இரண்டு பக்கமும் வட்டமடியுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது ஜாயின்ட். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் ஆள் யார் என்று உறுதியாகிவிடும்.

புதுக் கிரீஸ் அடைத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச நாள் சத்தம் அடங்கலாம், குழி நிறையாது. ஜாயின்டை மாற்றத்தான் வேண்டும். நாளைக்கே உடைந்துவிடாது, சரி. ஆனால் உடைந்தால், இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இழுவை முழுவதையும் உடைந்த பக்கமே விட்டுவிடும், வண்டி நகராது. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: ஏற்றத்தில் கியரில் போட்டு நிறுத்துகிறோமே, ஒரு ஆக்சில் போனால் கியர் வண்டியைப் பிடிக்காது. ஹேண்ட்பிரேக் மட்டும்தான் துணை. வேலை முடியும்வரை உங்கள் பக்கத்துச் சரிவுகளில் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள்.

சத்தமே இல்லை. ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதுதான் பூட், கிழிந்திருக்கிறது என்று சொல்லி முழு ஆக்சிலையும் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (நாகர்கோவில்)

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பூட் மட்டும் மாற்றுவது கூலி குறைந்த, கையெல்லாம் கிரீஸாகும் வேலை. ஆனால் உங்களுக்கு அதுதான் லாபம். ஜாயின்டின் விலையோடு பார்த்தால் பூட் சில்லறைக் காசு. கிழிந்த இடத்துக் கிரீஸைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மண் தட்டினால் ஜாயின்டைக் கழற்றிக் கழுவி, குண்டுகளையும் தடங்களையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். வழவழவென்று இருந்தால் புது பூட், அதை இறுக்கிப் பிடிக்கும் புதுக் கிளிப், பொட்டலத்தோடு வரும் கிரீஸ் முழுவதும். அது மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ். டப்பாவில் இருக்கும் சாதாக் கிரீஸை அடைக்க விடாதீர்கள். பழைய கிளிப்பை நெளித்து மாட்டுவது, பிளாஸ்டிக் டை கட்டுவது எல்லாம் அடுத்த மழைவரைக்கும்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஜூனுக்கு முன்னால் ஒருமுறை, அக்டோபருக்கு முன்னால் ஒருமுறை ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்து டார்ச் அடித்துப் பூட்டின் மடிப்புகளைப் பாருங்கள்.

கடற்கரையில் வீடு. உப்புக்காற்று பூட்டைக் கெடுக்குமா? (குளச்சல்)

ரப்பரை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கிளிப்பையும் ஆக்சில் நுனியையும் துருப்பிடிக்க வைக்கும். ஆக்சில், சக்கரம் மாட்டும் ஹப்போடு ஒட்டிக்கொண்டால் கழற்றுகிறவர் சுத்தியலால் அடிப்பார், மரை நசுங்கும். வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

உப்பைவிட எனக்குப் பயம், வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டிக்கு அடியில் டீசல் அடிக்கும் பழக்கம். துரு பிடிக்காது என்று பாசத்தோடு அடிப்பார்கள். ரப்பர் ஊறி மென்மையாகிவிடும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரப்பருக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது என்றாலும், மரத்தில் வெட்டி எடுக்கும் பால் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். பூட் செய்வது குளோரோப்ரீன் என்ற செயற்கை ரப்பரிலும் தெர்மோபிளாஸ்டிக்கிலும். அவையும் டீசலுக்குப் பழகினவை அல்ல.

மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி நடுங்குகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வீல் பேலன்சிங் செய்தும் போகவில்லை. (மார்த்தாண்டம்)

பேலன்சிங் கோளாறு என்றால் காலை எடுத்தாலும் அதே வேகத்தில் நடுங்கும். உங்களுடையது கியர்பாக்ஸ் பக்கத்து இன்னர் ஜாயின்ட் மாதிரி தெரிகிறது. பெரும்பாலான சின்னக் கார்களில் அங்கே மூன்று உருளைகள் இருக்கும். அவை ஓடும் தடம் தேய்ந்தால் இழுவை கூடும்போது இப்படித்தான். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுண்டையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

அம்பாசடர் காலத்து ஆள் நான். இந்த ஆக்சிலில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் எங்கே? (தக்கலை)

கிடையாது ஐயா. பூட் கிழியாதவரை உள்ளே இருக்கும் கிரீஸே போதும்.

ஜாயின்ட் மாற்றிய பிறகு கார் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு, ஏ.பி.எஸ். விளக்கும் எரிகிறது. (அஞ்சுகிராமம்)

ஆக்சிலை உருவும்போது கியர்பாக்ஸ் ஆயில் சீல் கிழிந்திருக்கும். சீலை மாற்றி, ஒழுகிப்போன கியர் ஆயிலையும் அளவுக்கு ஊற்ற வேண்டும், ஊற்றாமல் ஓட்டாதீர்கள். விளக்குக்கு, பழைய ஜாயின்டில் இருந்த பல் வளையம் (சக்கர வேகத்தை ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பு அறிவது இதை வைத்துத்தான்) புதியதில் இருக்கிறதா, பல் எண்ணிக்கை ஒன்றா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே போகும்போது, ஆக்சில் நுனியை ஹப்போடு முடுக்கும் ஹப் நட்டைப் புதிதாகப் போட்டார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பழையதையே திரும்ப முடுக்கக் கூடாது.