நூற்றைம்பது முறை வேலைக்காரி

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் 'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்' (2002) பார்த்தேன். அம்மாவாக நடித்த லூபே ஒன்டிவேரோஸை மறக்க முடியவில்லை. அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். நாடகம், சினிமா, தொலைக்காட்சி எல்லாம் சேர்த்து நூற்றைம்பது முறையாவது வேலைக்காரியாக நடித்திருப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். மனம் கனத்துவிட்டது. பட்டம் பெற்ற பெண், இவ்வளவு திறமை, கடைசிவரை துடைப்பமும் கையுமாக! எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி வரும் மெக்சிகன் அம்மா அச்சு அசல் அவரைப் போலவே இருப்பார். அதனால்தானோ என்னவோ, படம் கூடுதலாகப் பாதித்தது.

இப்படிப்பட்ட வேடங்களை அவர் மறுத்திருக்க வேண்டாமா? ஏற்றுக்கொண்டது தன் மக்களுக்குச் செய்த துரோகம் ஆகாதா? ஆஸ்கர்காரர்கள் அவரைக் கண்டுகொள்ளாதது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அவர் படங்களில் எவற்றைப் பார்க்கலாம், ஒரு பட்டியல் தர முடியுமா?

ஆர்., சான் ஹோசே

அன்புள்ள ஆர்.,

ஆஸ்கர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். லூபே 2012 ஜூலையில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். அப்போது வயது 69. அடுத்த ஆண்டு விழாவில், மறைந்தவர்களை நினைவுகூர்ந்து காட்டும் படத்தொகுப்பில் அவர் முகம் இல்லை. பலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இருந்தவரை திண்ணையில்கூட உட்காரச் சொல்லாத வீட்டில், கருமாதிக்கு இலை போடவில்லை என்று சண்டைக்குப் போவானேன்?

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பேரன். போன மாதம் விடுமுறைக்கு வந்தவன் 'த கூனீஸ்' பார்க்கலாம் தாத்தா என்று பிடிவாதம் பிடித்தான். புதையல் தேடிப் போகும் பையன்களைப் பற்றி 1985இல் வந்த படம். வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடி. சாமான் கட்டுவதற்கு உதவியாக ரொசலிடா என்ற பெண்ணை அந்த வீட்டு அம்மா கூட்டிவருகிறாள். ரொசலிடாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்பானிஷ் தெரிந்த வாயாடிப் பையன் ஒருவன், நான் மொழிபெயர்க்கிறேன் என்று முன்னால் வந்து நிற்கிறான். அந்த அம்மா துணிமணிகளை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவன் முகத்தில் சிரிப்பே இல்லாமல், மேல் இழுப்பறையில் கஞ்சா, நடுவில் கொக்கைன், அடியில் ஹெராயின், ஒன்றோடொன்று கலந்துவிடாதே என்கிறான்.

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் தூங்கப் போன பிறகு அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை பையனை விட்டுவிட்டு ரொசலிடாவைப் பார்த்தேன். அதாவது லூபேயை. பேசுவது பையன், ஆனால் அவள் அடிக்கடி அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கிறாள். அந்த முகமோ தேனொழுகச் சிரிக்கிறது. காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது வேறொன்று. இரண்டையும் சேர்த்து வைத்து, இது என்ன மாதிரியான வீடு, இன்று கூலி வருமா, ஓடிவிடலாமா என்று கணக்குப் போடுகிறாள். பயந்திருக்கிறாள், ஆனால் கூலி கொடுப்பவளின் முன்னால் பயத்தை முழுதாகக் காட்டவும் முடியாது. பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் காட்ட வேண்டும். சிரிக்க வைப்பது பையனின் குறும்பு என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அந்த முகம் இல்லையென்றால் அது வெறும் வாய்க்கொழுப்பு.

இன்னொன்று. அந்தப் படத்தில் வீட்டைக் காப்பாற்றுவது யார் என்று கேட்டால் எல்லாரும் பையன்கள் என்பார்கள். வீட்டை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து விழப்போகும் கடைசி நொடியில், பையனின் கோலிப் பையில் ரத்தினக் கற்களைக் கண்டெடுத்துக் கூச்சல் போட்டு நிறுத்துவது ரொசலிடாதான்.

நீங்கள் துரோகம் என்கிறீர்கள். ஆர்., பெரிய வார்த்தைகளைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் யார்மேல் வீசப் போகிறோம் என்று ஒரு நிமிஷம் பார்க்க வேண்டாமா? லூபே டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் 1942இல் பிறந்தவர். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். டொர்டியா என்ற மெக்சிகோ ரொட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையும் இரண்டு உணவகங்களும் வைத்து நடத்திய வசதியான குடும்பம். டெக்சாஸ் மகளிர் பல்கலைக்கழகத்தில் உளவியலும் சமூகப் பணியும் படித்தார். கல்யாணமாகி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்து, பல வருடங்கள் சமூகப் பணியாளராக வேலை பார்த்தார். சினிமாவில் கூட்டத்தில் நிற்க ஆள் தேவை என்ற செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, போய்த்தான் பார்ப்போமே என்று போனவர். முப்பது வயதைத் தாண்டிய, பிள்ளை குட்டிக்காரி. அவருக்காக அங்கே நீதிபதி வேடமும் டாக்டர் வேடமும் காத்துக்கிடந்தன, அவர்தான் வேண்டாம் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டார் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மறுக்க வேண்டும் என்றால் கையில் இன்னொன்று இருக்க வேண்டும் ஐயா.

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நடிகர் தேர்வுக்குப் போய்ச் சுத்தமான ஆங்கிலம் பேசினால் வேடம் கிடைக்காது, இதை அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு வேண்டியது தடுமாற்றம். அதனால் பல்கலைக்கழகத்தில் படித்த பெண், தன் பாட்டி பேசியிருக்கக்கூடிய ஆங்கிலத்தை இரவல் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. நீங்கள் கேட்ட துரோகம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது?

இந்த உச்சரிப்பு விஷயத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2014இல் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். உங்கள் கலிபோர்னியாதான், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. அங்கேயும் ஒரு பெண் வருவார். செவ்வாய்க்கிழமைகளில், காலை ஒன்பது மணிக்கு. வாளி, துணிகள், வேக்யூம் கிளீனர் எல்லாம் அவருடையவையே. சோபாவில் பேப்பரும் கையுமாக இருக்கும் என் முன்னால் வந்து நின்று ஒரு சிரிப்பு சிரிப்பார். நான் காலைத் தூக்குவேன். அடியில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார். காலை இறக்குவேன். நான்கு மாதத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு நாள் ரொம்பப் பெருந்தன்மையாக ஃபில்டர் காபி போட்டு நீட்டினேன். "மாமா, அவங்களுக்கு பதினொரு மணிக்கு அடுத்த வீடு இருக்கு, லேட் பண்ணாதீங்க" என்றாள் மருமகள். கருணை காட்ட எனக்கு நேரம் இருந்தது. வாங்கிக்கொள்ள அவருக்கு நேரம் இல்லை. நின்றபடி இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்பக்கம் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் வழியாக ஆங்கிலம் கேட்டது. மருமகள் ஆபீஸ் போன் பேசுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, அவர்தான். மகளின் பள்ளியோடு பேசிக்கொண்டிருந்தார். மகளைக் கீழ்மட்டக் கணக்கு வகுப்பில் போட்டுவிட்டார்கள் போல. மதிப்பெண்களைத் தேதியோடு ஒவ்வொன்றாகச் சொல்லி, யாரிடம் முறையிட வேண்டும் என்று கேட்டு, பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லி வாங்கிக்கொண்டார். குரல் உயரவே இல்லை. வக்கீல் தோற்றான். அவர் கிளம்பும்போது மருமகள், "நெக்ஸ்ட் டைம்... மைக்ரோவேவ்... இன்சைட்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, சிரித்து, "யெஸ், ஓகே" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மருமகளிடமும் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்டதை எப்படிச் சொல்வது?

ஊருக்குத் திரும்பிய பிறகு 'எல் நோர்த்தே' பார்த்தேன். கிரகரி நாவா இயக்கி 1983இல் வந்த படம். குவாத்தமாலாவிலிருந்து உயிர் தப்பி ஓடிவரும் அண்ணனும் தங்கையும் லாஸ் ஏஞ்சலஸில் பிழைக்கப் பார்க்கும் கதை. தங்கை ரோசாவுக்குத் தையல் பட்டறையில் சிநேகிதியாவது நாச்சா, அதாவது லூபே. குடியேற்ற அதிகாரிகள் பட்டறையில் திடீர்ச் சோதனை போட, இருவரும் தப்பி ஓடுகிறார்கள். பிறகு நாச்சாதான் ரோசாவை வீட்டு வேலைக்குக் கூட்டிப்போகிறாள். எஜமானி அம்மா பேசுவது புரியவில்லையா, சிரி, யெஸ் என்று சொல், போதும்: நாச்சா நடத்தும் பாடம் இது. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் பொத்தான்களை எஜமானி படபடவென்று விளக்குவாள். ரோசா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். பிறகு பார்த்தால் எல்லாத் துணியையும் கையால் துவைத்துப் புல்வெளியில் விரித்துக் காயப்போட்டிருப்பாள். அங்கேயும் சிரிப்புதான் வரும். ஆனால் நாச்சாவைப் பாருங்கள். இந்த வேலையில் எது கேவலம், எது வெறும் வேலை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவளின் நிதானம் அது. சமூகப் பணியாளராக எத்தனை வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து எத்தனை நாச்சாக்களின் பேச்சைக் கேட்டிருப்பாரோ, அது வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவரே அலுத்துக்கொண்டார் என்பதும் உண்மைதான். வேறு வேடங்களுக்கு ஏங்குவதாக வெளிப்படையாகச் சொன்னவர். கிடைத்தபோது செய்தும் காட்டினார். 'ஸூட் சூட்' நாடகத்தில் தாயாக பிராட்வே மேடைவரை போனார். 'செலீனா'வில் பாடகியைச் சுட்டுக் கொல்லும் யொலாண்டா. 'சக் அண்ட் பக்' படத்தில் சின்ன நாடக அரங்கு ஒன்றின் நிர்வாகி, கறார்ப் பேர்வழி. வேலைக்காரி இல்லை, தடுமாறும் உச்சரிப்பும் இல்லை. அதற்குத்தான் 2000இல் நேஷனல் போர்ட் ஆஃப் ரிவ்யூ என்ற அமெரிக்கத் திரைப்பட அமைப்பின் சிறந்த துணை நடிகை விருது. இத்தனைக்கும் பிறகு, 2005இல் வெளிவந்த 'மெய்ட் இன் அமெரிக்கா' (மெய்ட் என்றால் வேலைக்காரி) என்ற ஆவணப்படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸில் வீட்டு வேலை செய்யும் நிஜப் பெண்களைப் பற்றிய படம். வெட்கப்பட்டவர் அங்கே போய் நிற்க மாட்டார். அந்த வேலை செய்பவர்களைப் பற்றி அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. அவர்களை ஒற்றை வரியில் எழுதியவர்கள்மேல்தான் கோபம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, "கடைசிவரை துடைப்பமும் கையுமாக" என்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்களே, அந்தக் குறி எனக்குப் பிடிக்கவில்லை. துடைப்பத்தில் என்ன இழிவு கண்டீர்கள்?

நீங்கள் பார்த்த படத்தில், மகள் ஆனா நியூயார்க்குக்குப் படிக்கக் கிளம்பும்போது அம்மா கார்மென் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு ஆசீர்வாதம் தர மறுப்பாளே, அந்த இடத்தைப் பற்றி எழுதியிருப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். கதவு திறக்கவில்லை. ஆனால் கார் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்து நிற்கிறாள். அவ்வளவு நேரம் நாம் வெறுத்துக்கொண்டிருந்த பெண். அதில் நடித்ததற்காக மகளாக வந்த அமெரிக்கா ஃபெரேராவோடு சேர்த்து சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கொடுத்தார்கள். அந்தப் படத்தின் மூத்த மகள் நடத்தும் தையல் பட்டறையில் ஒரு கவுனுக்குக் கூலி 18 டாலர், கடையில் அதன் விலை 600. இவ்வளவையும் பார்த்துவிட்டு உங்களுக்கு மனம் கனத்தது லூபேக்காக மட்டும்தானா?

இதை எழுதும்போதே உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்கு மறுபடி மறுபடி போய்வருகிறேன். "ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி வரும் மெக்சிகன் அம்மா." எவ்வளவு நாளாக வருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மெக்சிகோதானா, எல் சால்வடாரா, குவாத்தமாலாவா? கேட்டதுண்டா? அச்சு அசல் லூபேயைப் போலவே இருப்பார் என்கிறீர்கள். அவர் பெயர் மட்டும் கடிதத்தில் இல்லை. இறந்து இத்தனை வருடமான நடிகைக்காக உருகுவது சுலபம், அவர் உங்கள் குளியலறையைக் கழுவ வரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இது எனக்கும் சேர்த்துத்தான். நான் காலைத் தூக்கிக்கொண்டே இருந்தவன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைதான் பெயர் கேட்டேன். சொன்னார். அவரைக் கேட்காமல் அதை இங்கே எழுதுவது முறையில்லை. என் பெயரைத் திருப்பிக் கேட்டார், இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை சரியாகச் சொன்னார்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். போட்டுத் தரலாம், ஒன்றும் கஷ்டமில்லை. வருகிற வெள்ளி அவர் வரும் வெள்ளியா, விடும் வெள்ளியா? கேட்டுவிட்டு எழுதுங்கள். பட்டியல் அதற்கப்புறம்.