பனியைக் காணாத பிள்ளை பனிப்படலத்தை ஆராயலாமா?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்து ஒரு வருடமாகிறது. வேலணையில் இருந்து தினமும் பண்ணைப் பாலத்தால் நகருக்கு வந்து ரியூசன் எடுக்கிறேன். நோர்வேயின் பேர்கன் நகரில் ஓர் ஆய்வுப் பதவிக்கு விளம்பரம் கண்டேன். அந்தாட்டிக்கா, கிறீன்லாந்துப் பனிப்படலங்களைக் கடல் எப்படி உருக்குகிறது என்று ஆராயும் வேலை. மூன்று வருடம், சம்பளத்தோடு கலாநிதிப் பட்டம். அம்மா "பனிக்குள்ள போய் என்ன செய்யப் போறாய்?" என்கிறா. கனடா மாமா கணக்கியல் படிக்கச் சொல்கிறார். கடற்றொழில் செய்யும் அப்பா மட்டும் "கடல்தானே, போட்டுப் பாரன்" என்கிறார். பனிக்கட்டியைப் பிரிட்ஜுக்குள் மட்டும் கண்ட நான் விண்ணப்பிக்கலாமா? முடிவுத் திகதிக்கு மூன்று கிழமை இருக்கிறது.
- வேலணை வாசகி

பதில்: பிள்ளை, நான் அப்பாவின் கட்சி. விளம்பரத்தில் பனி பெரிதாகத் தெரிந்தாலும் வேலை கடலைப் பற்றியது. அதுவும் பெரும்பாலான நாட்கள் ஒரு மேசையில், கணினிக்கு முன்னால்.

பனியைக் கண்டதில்லை என்று கூச்சப்படுகிறீர். சரி, உங்கள் வளவுக் கிணற்றில் மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட விட்டால் என்ன நடக்கும்? சவர் ஏறும். வேலணைப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர், எடை கூடிய கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அளவுமீறி இறைத்தால் கீழே இருந்து உப்பு எழும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பதைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே கேட்டிருப்பீர். நானும் ஒரு கோடையில் வெங்காயத்துக்கு இரண்டு மணித்தியாலம் கூட இறைத்து, கிணற்றையும் கெடுத்து வெங்காயத்தையும் கெடுத்தவள்தான்.

அந்தாட்டிக்காக் கரையோரத்திலும் இப்படி ஓர் அடுக்குத்தான். தரையை மூடிக் கிடக்கும் பெரும் பனிப்படலத்தின் விளிம்பு அங்கே கடலுக்கு மேல் ஒரு தட்டுப் போல நீண்டு மிதக்கிறது; அதற்குக் கீழேதான் இந்தக் கடல்நீர். மேலே குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். சில நூறு மீற்றருக்குக் கீழே 1 பாகை செல்சியஸ் அளவில், உப்புக் கூடிய நீர். சூடான தண்ணீர் மேலே நிற்கும் என்றுதானே படித்தோம்? துருவக் கடலில் எடையைத் தீர்மானிப்பது உப்பு, அதனால் சூடு அடியில் ஒளிந்திருக்கிறது. 1 பாகையும் ஒரு சூடா என்று மாமா சிரிப்பார். கடல்நீர் உறைவதே -1.9 பாகையில். அழுத்தம் கூடினால் உறைநிலை இன்னும் இறங்கி, 1,000 மீற்றர் ஆழத்தில் -2.6 அளவுக்கு வரும். ஆக, பனியின் அடியைத் தொடும் அந்த நீர் உறைநிலையை விட மூன்றரைப் பாகை சூடானது. உருகி வரும் நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் பனியின் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டு மேலே ஏறும். அது ஏற ஏறக் கீழே இருந்து புதிய சூட்டுநீர் இழுபட்டு வரும். மோட்டார் இல்லாமலே நடக்கிற இறைப்பு!

மிதக்கிற பனி உருகினால் கடல் உயராதே, சர்பத்துக்குள் போட்ட ஐஸ் மாதிரித்தானே என்றும் மாமா கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்த மிதக்கும் தட்டுத்தான் பின்னால் தரையில் கிடக்கும் பனிக்கு முண்டு கொடுத்து நிற்கிறது. பனியாறு என்பது தரையில் இருந்து கடலை நோக்கி மெல்ல நகரும் பனி. கிறீன்லாந்தின் யாக்கொப்ஷாவ்ன் பனியாற்றுக்கு 1997 இல் சூடான கடல்நீர் வந்து சேர்ந்தது. கடலில் நாக்குப் போல நீண்டு மிதந்துகொண்டிருந்த அதன் முனை மெலிந்து உடைந்தது. சில வருடங்களுக்குள் பனியாற்றின் வேகம் ஏறத்தாழ இரட்டித்தது. மேற்கு அந்தாட்டிக்காவின் துவைற்ஸ் பனியாறு கிட்டத்தட்ட மூன்று இலங்கை அளவு. அது முழுதாகக் கரைந்தால், நாளைக்கே அல்ல, நெடுங்காலத்தில், உலகக் கடல்மட்டம் 65 சென்ரிமீற்றர் அளவுக்கு உயரும். எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இதற்குப் பிறகுதான். பெரும் பனிப்படலம் தன் ஈர்ப்பால் கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்து பக்கத்துக் கடல் இறங்கும், தூரத்துக் கடல் சராசரியை விடக் கூடுதலாக ஏறும். அந்தாட்டிக்காவுக்குத் தூரத்துக் கடல் என்றால் எங்கள் கடலும்தான். கடல் ஏறினால் உங்கள் கிணற்று வில்லை மெலியும்.

ஆகவே விண்ணப்பக் கடிதத்தைக் கிணற்றில் இருந்து தொடங்கும். "சிறுவயது முதலே இயற்கையில் ஆர்வம்" என்று மட்டும் எழுதிவிடாதேயும். அப்படி எழுதிய கடிதங்கள் அங்கே குவிந்து கிடக்கும்.

இனி உண்மையான தடை. நோர்வேயில் கலாநிதி ஆய்வுப் பதவிக்குப் பொதுவாக முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். உமது நான்கு வருடச் சிறப்புப் பட்டம் போதுமா என்று விளம்பரத்தில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியருக்கே ஐந்து வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேளும். போதாது என்றால் உலகம் முடிந்துவிடாது. பிரித்தானியாவில் நல்ல இளமாணிப் பட்டத்தோடும் பலரை எடுக்கிறார்கள்; இல்லையேல் முதுமாணியை முடித்துவிட்டு வாரும். பைதன் என்ற கணினி மொழி தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே தொடங்கும். போட்ரான் என்ற பழைய கணினி மொழியையும் எட்டிப் பாரும், கடலின் போக்கைக் கணினியில் கணிக்கும் மாதிரிகள் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன. நாசா கிறீன்லாந்தைச் சுற்றி அளந்த கடல் தரவுகளும் கடலில் மிதந்தபடி வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவுகளும் இலவசம். ஓர் இடத்துத் தரவை இறக்கி, ஆழம் போகப் போக வெப்பமும் உப்பும் எப்படி மாறுகின்றன என்று ஒரு வரைபடம் போட்டுக் கடிதத்தோடு இணையும். அப்புறம், எந்த ஏஜென்சிக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டாம். இப்படியான வேலைக்கு நேரே விண்ணப்பிப்பதுதான் முறை.

மாமாவைத் தட்டிக் கழிக்கவும் மாட்டேன். மூன்று வருட ஒப்பந்தம் முடிந்தால் பெரும்பாலும் இன்னொரு ஒப்பந்தம்தான். நிரந்தர வேலை கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் பெருந்தரவைக் கையாளத் தெரிந்தவருக்கு வேறு கதவுகளும் உண்டு. கணக்கியலை நாற்பது வயதிலும் படிக்கலாம்.

அம்மாவுக்குச் சொல்லும்: பேர்கன் பனிக்கு அல்ல, மழைக்குப் பேர்போன ஊர். எங்கட சனமும் அங்கே இருக்கிறது. கப்பல் பயணம் உண்டா, கட்டாயமா என்று நேர்முகத்தேர்வில் கேட்கலாம், அதில் பிழை ஒன்றும் இல்லை.

இதழ் உம் கைக்கு வரும்போது இரண்டு கிழமைதான் மிஞ்சியிருக்கும். பேராசிரியருக்கான அந்த ஐந்து வரியை இன்றைக்கே அனுப்பும். சிபாரிசுக் கடிதம் தரக்கூடிய விரிவுரையாளர்களை நாளைக்குப் போய்ப் பாரும்.