இரண்டு பேருக்கு ஒரு கார்டு செல்லாது
வாசகர் கேள்வி–பதில்: பிள்ளைகள் இருக்கும் லண்டனுக்குப் போகிறவர்களுக்கு

"போன வருடம் லண்டனில் மகனோடு ரயிலில் சுற்றினோம். ஒரே நாளில் அவன் கணக்கிலிருந்து தாறுமாறாகப் பணம் போயிருந்தது. எங்கே தப்பு?" – வாசகி, தஞ்சாவூர்

லண்டன் ரயிலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நிலைய வாசல் கருவியில் கார்டையோ போனையோ தட்டினால்தான் கட்டணம் சரியாகக் கழியும். தப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். உள்ளே போகும்போது போனைத் தட்டிவிட்டு, வெளியே வரும்போது அதே கணக்கின் பிளாஸ்டிக் கார்டைத் தட்டியிருப்பார். கணக்கு ஒன்றுதான், ஆனால் வாசலில் இருக்கும் கருவிக்குப் போன் வேறு, கார்டு வேறு. ஒன்று ஏறி இறங்கவில்லை, இன்னொன்று ஏறாமலே இறங்கியது என்று எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணத்தை வெட்டிவிடும்.

இல்லையென்றால் டிஎல்ஆர் (கிழக்கு லண்டனில் ஓடும் இலகு ரயில்) நிலையத்தில் வெளியே வரும்போது தட்ட மறந்திருப்பீர்கள். அதன் நிலையங்கள் பலவற்றில் தடுப்புக் கதவே கிடையாது. ஓரமாக ஒரு தட்டும் கருவி மட்டும் நிற்கும். பேசிக்கொண்டே வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான். பேருந்தில் இந்தத் தொல்லை இல்லை. ஏறும்போது தட்டினால் போதும், இறங்கும்போது வேண்டாம். காசு மட்டும் நீட்டாதீர்கள், 2014 முதல் லண்டன் பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை.

ஒரு கார்டைத் தட்டி இரண்டு பேர் போக முடியாது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் தனித்தனிக் கார்டு வேண்டும். இந்திய வங்கிக் கார்டு என்றால், கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி இரண்டையும் இயக்கிவிடுங்கள். புதுக் கார்டுகளில் இவை அணைத்து வைத்தேதான் வரும். வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் உறுத்தினால், பணம் ஏற்றித் தட்டும் லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டு வாங்கலாம். கார்டின் விலை திரும்பக் கிடைக்காது.

60 வயதுக்காரர்களுக்கு அங்கே இலவசமாமே என்று பலர் கேட்கிறார்கள். அது லண்டன்வாசிகளுக்கு மட்டும். ஆனால் சீனியர் ரெயில்கார்டு என்று ஒன்று உண்டு, 60 தாண்டிய யாரும் வாங்கலாம். வாங்கியதும் நிலைய ஊழியரிடம் கொடுத்து ஆய்ஸ்டர் கார்டில் ஏற்றிக்கொண்டால், நெரிசல் இல்லாத நேர ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பேருந்துக்குச் செல்லாது. நெரிசல் நேரம் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30–9.30, மாலை 4–7. மகன் வேலைக்குப் போன பிறகு 9.30 தாண்டிக் கிளம்பினால் இடமும் கிடைக்கும், காசும் மிஞ்சும்.

"எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகளோ ஒரே சனிக்கிழமையில் ஆறு இடம் திட்டம் போட்டிருக்கிறாள்." – வாசகி, மதுரை

ஆறை இரண்டாக்கச் சொல்லுங்கள். லண்டனில் காலைக் கொல்வது பார்க்கும் இடங்கள் அல்ல, பாதாள ரயில் மாறும் படிகளும் சுரங்க நடையும்தான். பழைய நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு லிஃப்ட் இல்லை. 2022-இல் திறந்த எலிசபெத் லைன் ரயில் தடத்தில் எல்லா நிலையங்களிலும் லிஃப்டோ சாய்தளமோ உண்டு, டிஎல்ஆரிலும் உண்டு. வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி நீலத்தில் இருந்தால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியில்லை. வெள்ளையில் இருந்தால் நடைமேடை வரைதான். அங்கிருந்து ரயிலுக்கு ஒரு படி உயரமோ இடைவெளியோ இருக்கலாம்.

ஊர் பார்க்க 24-ஆம் எண் பேருந்தே போதும். ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் புறப்படுகிற இடத்திலேயே ஏறினால் உட்கார இடம் உறுதி. கேம்டன், டிராஃபல்கர் சதுக்கம், நாடாளுமன்றம், விக்டோரியா என்று பிம்லிகோ வரை போகும். மாடியில் முன் இருக்கை அழகுதான், ஆனால் வண்டி ஓடும்போது அந்தப் படியில் ஏறாதீர்கள். கீழேயே உட்காருங்கள், கதவருகே முதியோர் இருக்கை இருக்கிறது. முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பேருந்தில் தட்டினால் இரண்டாவதற்குக் காசில்லை. டிராஃபல்கரில் இறங்கி, அந்த ஒரு மணி நேரம் தாண்டாதபடி சிங்கங்களைப் பார்த்துவிட்டு அடுத்த 24-ஐப் பிடிக்கலாம்.

கிரீனிச்சுக்குப் போனால் ஆற்றுப் பக்கமிருந்து வானாய்வகத்துக்கு ஏறாதீர்கள், செங்குத்தான ஏற்றம். 53-ஆம் எண் பேருந்தில் பிளாக்ஹீத் பக்கம் இறங்கினால் பூங்கா வாசலிலிருந்து சமதளமாக நடந்தே போய்விடலாம். இறக்கமும் மூட்டுக்கு ஆகாது என்பதால் வந்த வழியே திரும்புவது உத்தமம். 1884-இல் சர்வதேச மாநாடு ஏற்றுக்கொண்ட பூஜ்ஜியத் தீர்க்கரேகைக் கோடு அங்கேதான். ஆனால் கோட்டின்மேல் நின்று போனைப் பார்த்தால் பூஜ்ஜியம் வராது. செயற்கைக்கோள் கணக்கின் பூஜ்ஜியம் 102 மீட்டர் கிழக்கே தள்ளி இருக்கிறது. மகளைக் கேலி செய்ய ஒரு விஷயம்.

"மியூசியம் என்றால் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஒரே ஒரு அறை சொல்லுங்கள்." – வாசகர், சென்னை

பிரிட்டிஷ் மியூசியத்தின் அமராவதிக் கூடம். ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியின் சிற்பங்கள் இருக்கும் அறை. அனுமதி இலவசம். வெள்ளிக்கிழமை இரவு 8.30 வரை திறந்திருப்பதால் அலுவலகம் முடிந்து வரும் பிள்ளையோடு போகலாம். ஆசியக் காட்சிகள் இருக்கும் 33-ஆம் அறையை ஒட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மதராஸ் கம்பெனி அரசின் அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் அமராவதியில் தோண்டியெடுத்த சிற்பங்கள் மதராசில் இருந்து, 1859-இல் கப்பலேறின. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்த்த அமராவதிச் சிற்பங்களின் கூடப்பிறந்தவை இவை. அதில் ஒரு பலகையை மட்டும் சுற்றிவந்து பாருங்கள்: ஒரு பக்கம் போதி மரமும் யாரும் அமராத ஆசனமும், சில நூற்றாண்டு கழித்து அதே கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் முழு ஸ்தூபியையே செதுக்கியிருக்கிறார்கள். எழும்பூரை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் பிள்ளைக்கு நீங்கள்தான் வழிகாட்டி.

"சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மருந்து அங்கே வாங்கிக்கொள்ளலாமா?" – வாசகர், திருச்சி

முடியாது. நம் ஊர் மருந்துச் சீட்டு அங்கே மருந்துக்கடையில் செல்லாது. தங்கும் நாளுக்கு மேல் இரண்டு வாரம் சேர்த்து, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். மருத்துவர் கடிதத்தில் மருந்தின் கம்பெனிப் பெயர் வேண்டாம், மூலப்பெயர் (ஜெனரிக்) இருக்கட்டும். இன்சுலின் கைப்பையில்தான், சரக்கறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும்.

பயணக் காப்பீட்டில் சர்க்கரையை மறைக்காதீர்கள். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், இழப்பீட்டுக் கோரிக்கை மொத்தமாக நிராகரிக்கப்படும். சுற்றுலா விசாவில் வந்தவர் அரசு மருத்துவமனையில் படுத்தால், அந்தச் சிகிச்சைக்கான அரசுக் கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிப்பார்கள். அவசரத்துக்கு 999. ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்ற சந்தேகத்துக்கு 111. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

"நெய் மைசூர்பாகு, பால்கோவா எடுத்துப் போகலாமா?" – வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகத் தடை. பால்கோவா விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். முறுக்கு, பருப்புப் பொடி, வடாம் எடுத்துப் போங்கள். மற்றதெல்லாம் தமிழ்க் கடைகள் இருக்கும் கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமிலேயே கிடைக்கும்.