ஸ்பெயினின் செவில் நகரில் தபாஸ் பில் எகிறியது ஏன்?

உங்களுக்கு வந்தது தபா எனும் சின்னத் தட்டு அல்ல, ரசியோன். அதாவது முழுத் தட்டு. இருவர் நான்கு சின்னத் தட்டு கேட்டு, மேசை நிறைந்து, பாதியை மீதம் வைத்தோம் என்கிறீர்களே, அதற்கு இதுதான் விளக்கம்.

தெருவோர மேசையில் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே பல கடைகளில் தபா அளவு உள்ளே கவுண்டரில் நிற்பவர்களுக்கு மட்டும்தான். வெளியே அரைத் தட்டோ முழுத் தட்டோதான்.

மெனுவைப் படம் எடுத்திருந்தால் பாருங்கள். தபா, மெதியா (அரைத் தட்டு), ரசியோன் என்று விலை மூன்று வரிசையாக இருக்கும். பில்லில் கடைசி வரிசை விலை இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ரொட்டிக்குத் தனியாகப் போட்டிருப்பதும் வழக்கம்தான்.

அடுத்த முறை கவுண்டரிலேயே நின்று இரண்டிரண்டாகச் சொல்லுங்கள். பூண்டு எண்ணெயில் கொதித்தபடி வரும் இறாலை ஆறவிட்டுச் சாப்பிடுவது பாவம். கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் மணக்கச் சேர்த்துச் செய்வது அந்த ஊர்ப் பண்டம், விடாதீர்கள்.

இந்தக் கணக்கு ஸ்பெயினின் இன்னொரு நகரான கிரனடாவுக்குப் பொருந்தாது. அங்கே பானம் வாங்கினால் பெரும்பாலான கடைகளில் ஒரு தபா இலவசம். எது வரும் என்பது கடைக்காரர் விருப்பம். சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பன்றித் தொடைக்கறி எதில் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கும்.