லேப்டாப் செய்து விற்கலாமா? திறந்த வன்பொருள் பற்றிச் சில கேள்விகள்

டிசைனை யாரும் பார்த்து, மாற்றி, செய்து விற்கும்படி வெளியிடுவதுதான் திறந்த வன்பொருள். அப்படிப்பட்ட லேப்டாப்பைச் சின்ன அளவில் செய்து விற்பது பற்றி வந்த கேள்விகளில், அடிக்கடி வருபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சர்க்யூட் படம், பிசிபி (சர்க்யூட் பலகை) ஃபைல் எல்லாவற்றையும் வெளியிட்டுவிட்டால், நாளைக்கே ஒருவர் அதை அப்படியே செய்து பாதி விலைக்கு விற்க மாட்டாரா?

விற்கலாம். லைசென்ஸே அதற்கு அனுமதி கொடுக்கிறது. ஆனால் லேப்டாப் விஷயத்தில் அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. ஆர்டுயினோ மாதிரி ஒரு சின்ன போர்டை நகலெடுத்தால் லாபம் உண்டு: ஒரு பிசிபி, கொஞ்சம் பாகங்கள், வேலை முடிந்தது. லேப்டாப்புக்கு ஃபைல் கையில் இருந்தாலும் திரைப் பேனலை மொத்தமாக வாங்க வேண்டும், வெளிக்கூடு செய்ய ஆள் பிடிக்க வேண்டும், பேட்டரிக்குச் சோதனைச் சான்று வேண்டும், கீபோர்டு வேண்டும். இவ்வளவுக்கும் முதல் போடக்கூடியவர், சில நூறு மட்டும் விற்கும் ஒரு மாடலை ஏன் தேடி வரப்போகிறார்?

பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் நிறுவனம் 2017-ல் டெரெஸ்-1 லேப்டாப்பின் போர்டு ஃபைல்களை வெளியிட்டது. பெர்லினில் உள்ள எம்என்டி ரிசர்ச், தன் ரிஃபார்ம் லேப்டாப்பை மதர்போர்டு முதல் கூடு வரை திறந்தே வைத்திருக்கிறது. இந்த நிறுவனங்களிடமிருந்து யாராலும் சுலபமாக நகலெடுக்க முடியாதது, பாகங்களைத் தேடிச் சேர்த்து, பொருளைச் செய்து, ஆதரவு கொடுத்த அனுபவம். அது எந்த ஃபைலிலும் இருக்காது.

பயம் இருந்தால் பெயரையும் சின்னத்தையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்து வையுங்கள். டிசைனைக் கொடுக்கலாம், பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆர்டுயினோவும் இதைத்தான் செய்தது.

கேள்வி: எந்த லைசென்ஸ் போடுவது?

போர்டுக்கும் கூட்டுக்கும் செர்ன் ஆய்வு மையத்தின் திறந்த வன்பொருள் லைசென்ஸின் 2-ஆம் பதிப்பு போதும். 2020-ல் வந்தது, மூன்று வகை உண்டு. மாற்றிச் செய்பவரும் தன் மாற்றங்களைத் திறந்து வைக்க வேண்டும் என்றால் எஸ் வகை. எப்படியோ போகட்டும் என்றால் பி வகை. நடுவில் டபிள்யூ. ஃபர்ம்வேருக்கு (சிப்புகளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஜிபிஎல் போன்ற மென்பொருள் லைசென்ஸ்.

'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் அப்புறம் அதைத் திறந்த வன்பொருள் என்று சொல்லக் கூடாது. அதன் வரையறை வணிகத்தைத் தடுப்பதை ஏற்பதில்லை.

கேள்வி: பிராசஸர் தேர்வில்தான் தவிக்கிறேன். வேகமான சிப்புக்கு ஆவணம் கிடைப்பதில்லை, ஆவணம் கிடைப்பது வேகமாக இல்லை.

இந்தத் தொழிலின் மையப் பிரச்சினையே இதுதான். இன்டெல், ஏஎம்டி சிப் வேண்டுமென்றால் மதர்போர்டு வரைவதற்கான ஆவணங்கள் பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டபின் சர்க்யூட் படத்தில் எதை வெளியிடலாம் என்று வக்கீலைக் கேட்க வேண்டிவரும்.

அதனால்தான் இந்தத் துறையின் முன்னோடிகளில் சிலர், இன்று என்எக்ஸ்பி நிறுவனத்திடம் உள்ள ஐ.எம்எக்ஸ் வரிசைச் சிப்கள் பக்கம் போனார்கள். 2014-ல் கூட்டுநிதி திரட்டிய நொவீனா லேப்டாப் ஐ.எம்எக்ஸ்6 சிப்பில் ஓடியது. 2020-ல் கூட்டுநிதி திரட்டிய ரிஃபார்ம் ஐ.எம்எக்ஸ்8எம் சிப்பில். தொழிற்சாலைக் கருவிகள் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்ட சிப்கள் இவை. கையேடு கிடைக்கும், லினக்ஸ் கெர்னலில் ஆதரவு நன்றாக இருக்கும், பல வருடம் உற்பத்தியில் இருக்கும். வேகம் சுமார்தான். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு இதை விற்காதீர்கள், திட்டு வாங்குவீர்கள்.

என் யோசனை: பிராசஸரையும் ராமையும் மதர்போர்டில் நேரடியாகச் சால்டர் செய்யாதீர்கள். தனி மாட்யூலாகச் செருகும்படி வையுங்கள். ரிஃபார்மில் இப்படித்தான். பழைய கூடு, பழைய கீபோர்டு, பழைய பேட்டரி எல்லாம் அப்படியே இருக்க, உரிமையாளர் ஆர்கே3588 என்ற வேறொரு சிப் உள்ள மாட்யூலை வாங்கி மாற்றிக்கொள்ள முடிகிறது. சின்ன நிறுவனத்துக்கு இதில் இரட்டை நன்மை. அதிவேக ராம் தடங்களை வரையும் மிகக் கடினமான வேலை அந்தச் சின்ன போர்டுக்குள் அடங்கிவிடும். சிப் நின்றுபோனாலும் முழு லேப்டாப்பை மறுபடி வரைய வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். இந்தச் சிப்களிலும் மூடிய ஃபர்ம்வேர் துண்டுகள் உண்டு. ஐ.எம்எக்ஸ்8எம்-ல் ராமைத் தயார்ப்படுத்துவதற்கே அப்படி ஒன்று தேவை. 'நூறு சதவீதம் திறந்தது' என்று விளம்பரத்தில் போட்டால், அதைக் கண்டுபிடித்து எழுதுபவர் உங்கள் முதல் வாடிக்கையாளராகத்தான் இருப்பார். எது மூடியது, ஏன் என்று ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள்.

ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர்கள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே திறந்திருப்பது கட்டளைத் தொகுப்பு, அதாவது பிராசஸர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் வரையறை. அதை வைத்து ஒருவர் செய்யும் சிப் முழுக்க மூடியதாகவும் இருக்கலாம்.

கேள்வி: டிஸ்ப்ளே பேனலை யாரும் நூறு இருநூறு என்று தர மாட்டேன் என்கிறார்கள்.

தர மாட்டார்கள். பேனல் தொழிற்சாலையின் கணக்கு ஆயிரங்களில். நீங்கள் தேட வேண்டியது ஸ்பேர் சந்தையை. பெரிய நிறுவனங்களின் லட்சக்கணக்கான லேப்டாப்களில் உள்ள பேனல்கள் பழுதுபார்ப்புக்காக எப்போதும் புழக்கத்தில் இருக்கும். இடிபி (லேப்டாப் திரைக்கான இணைப்பு முறை) இணைப்பும் 30 பின் கனெக்டரும் கொண்ட முழு எச்டி பேனல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி பின் வரிசையில் வருகின்றன. ஒரு மாடலை நம்பி டிசைன் செய்யாமல், கையில் மூன்று மாடலை வைத்துக்கொண்டு மூன்றும் பொருந்தும்படி கூட்டை வரையுங்கள். கனெக்டர் இருக்கும் பக்கம், தடிமன், ஸ்க்ரூ போட ஓரத்தில் காது உண்டா இல்லையா, இந்த மூன்றிலும்தான் இடிக்கும். காதில்லாத பேனலை ஒட்டும் டேப்பில் நிறுத்தலாம், ஆனால் மாற்றும்போது பேனல் உடையாமல் வர இழுப்பு டேப் போடுங்கள்.

கீல் வழியாகப் போகும் கேபிளையும் விட்டுவிடாதீர்கள். மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது மடங்குகிறது. கீலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மடிப்பு ஒரே இடத்தில் விழாமல் முறுக்காகப் பரவும்படி வையுங்கள். சில மாதம் கழித்துத் திரை மினுக்குகிறது என்று புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கேபிளைத்தான்.

கேள்வி: கூட்டைக் கடைவதா, அச்சில் வார்ப்பதா?

சில நூறு என்றால் சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) வைத்து அலுமினியத்தைக் கடையுங்கள். ஒன்றின் விலை கூடும், ஆனால் தப்பு வந்தால் ஃபைலைத் திருத்தினால் போதும். பிளாஸ்டிக் அச்சுக்கு ஆரம்பச் செலவு பெரிது. அச்சில் இரும்பைச் செதுக்கி எடுப்பது சுலபம், எடுத்ததைத் திரும்ப ஒட்டுவது கஷ்டம். ஆயிரங்களைத் தாண்டுவோம் என்ற நிச்சயம் வந்தபின் அச்சைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: பேட்டரியோடு வெளிநாட்டுக்கு அனுப்புவதில் என்ன சிக்கல்?

லித்தியம் பேட்டரி எதுவானாலும் ஐ.நா. 38.3 சோதனைகளைத் தாண்டியிருக்க வேண்டும். குறைந்த காற்றழுத்தம், வெப்பம், அதிர்வு, ஷார்ட் சர்க்யூட் என்று அது ஒரு தொகுப்பு. ஏற்கெனவே சோதித்த பேக்கை வாங்கி, அதன் சோதனைச் சுருக்கத்தை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள். புது வடிவத்தில் பேக் செய்தால் சோதனையும் புதிதாக, உங்கள் செலவில்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. லேப்டாப்புக்குள் இருக்கும் பேட்டரியை அனுப்புவதைவிட ஸ்பேர் பேட்டரியைத் தனியாக அனுப்புவதுதான் தலைவலி. தனி லித்தியம் அயன் பேட்டரி பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது; சரக்கு விமானத்திலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 'பேட்டரியை நீங்களே மாற்றலாம்' என்று விற்றுவிட்டு, அந்தப் பேட்டரியை அனுப்ப வழியில்லாமல் நிற்காதீர்கள். ரிஃபார்மில் 18650 அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் எட்டு, கழற்றிப் போடும்படி இருக்கின்றன. பொது அளவு என்பதால் வாங்குபவர் தன் ஊரிலேயே தேடிக்கொள்ளலாம். கூடு தடித்துத்தான் போகும். பரவாயில்லை என்பேன்.

கேள்வி: கீபோர்டுக்கு யூஎஸ்பி அடையாள எண் வாங்க ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்களே?

திறந்த வன்பொருளுக்கு பிட்.கோட்ஸ் (pid.codes) என்ற தளம் இலவசமாகத் தருகிறது. டிசைனும் லைசென்ஸும் வெளியில் இருந்தால் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: விலையை எப்படிக் கணக்கிடுவது?

பாகங்களின் விலையைக் கூட்டி அதன்மேல் கொஞ்சம் லாபம் வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. அசெம்பிளி, சோதனையில் தோற்கும் போர்டுகள், சான்றிதழ் சோதனை, பேக்கிங், வாரண்டியில் திரும்பி வருபவை, அதற்கு மேல் அடுத்த சில வருடங்களுக்கான ஸ்பேர், எல்லாம் விலைக்குள் வர வேண்டும். பாகச் செலவின் இரண்டரை மடங்குக்குக் கீழே போனால் உங்கள் சம்பளத்தை நீங்களே தள்ளுபடி செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: ஃபைல்களை எப்போது வெளியிடுவது, எதையெல்லாம்?

முதல் பெட்டி கிளம்பும் அன்றாவது வெளியே இருக்க வேண்டும். கெர்பர் (பிசிபி தொழிற்சாலைக்கு அனுப்பும் ஃபைல்) மட்டும் போட்டால் யாராலும் திருத்த முடியாது. போர்டு வரையும் கிகேட் மென்பொருளின் மூல ஃபைல், பாகப் பட்டியல், கூட்டின் ஸ்டெப் (முப்பரிமாண வடிவ) ஃபைல், ஃபர்ம்வேர் எல்லாம் வேண்டும். போர்டின் மேல் பதிப்பு எண்ணை அச்சிட்டு, அதே எண்ணில் ஃபைல்களுக்கும் குறி போடுங்கள். பழுதான போர்டைக் கையில் வைத்திருப்பவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் சரியான படத்தைத் திறப்பார். கூடவே, அந்தப் பதிப்பில் தெரிந்த குறைகளையும், எந்த ரெசிஸ்டரை மாற்றினால் சரியாகும் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.