மனித உருவம் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

அண்மையில் சமகாலக் கலைக் கண்காட்சி ஒன்றுக்குப் போனேன். கம்பி, துணி, ஒளித்திரை, குவித்து வைத்த பொருட்கள். மனித உருவம் அபூர்வம். இருந்ததும் தலையில்லாமல், சிதைந்து. கலைஞர்களுக்கு மனிதன்மேல் நம்பிக்கை போய்விட்டதா? இல்லை, உடலைச் செய்யத் தெரியாததை மறைக்கிறார்களா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. சிற்பி ரான் மியூக் 1996-97இல் செய்த 'இறந்த அப்பா' சிற்பத்தைப் பாருங்கள். தோலின் சுருக்கம், ரோமம், நகம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அளவு மட்டும் உண்மையான உடலில் மூன்றில் இரண்டு பங்கு. அப்பாவைக் குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. திறமைக்குக் குறைவே இல்லை.

நம்பிக்கை பற்றிய கேள்விதான் கனமானது. நாஜி ஜெர்மனியில் ஆர்னோ பிரேக்கர் செய்த சிலைகளில் ஒரு குறை காண முடியாது. அகன்ற மார்பு, முறுக்கேறிய தசை, நிமிர்ந்த தலை. அந்தச் சிலைகளைக் கொண்டாடிய அரசுதான் யூதர்களையும் ஊனமுற்றவர்களையும் கொன்று குவித்தது. அதற்குப் பிறகு, குறையில்லாத உடலைச் செய்ய ஒரு கலைஞனுக்குக் கை கூசாதா? சுவிஸ் சிற்பி ஜியாகொமெட்டியின் 'நடக்கும் மனிதன்' (1960) ஆள் உயரம்தான். ஆனால் சதை முழுக்க உருகி, குச்சியாக நிற்கிறான். இருந்தும் நடக்கிறான். எனக்கு அவனிடம் இருக்கும் மனிதத்தன்மை பிரேக்கரின் வீரர்களிடம் துளியும் இல்லை.

தலையில்லாத உருவங்கள் என்றீர்கள். சிற்பி மக்தலேனா அபகனோவிச் போலந்தில் இரண்டாம் உலகப் போருக்கு நடுவே வளர்ந்தவர். சிப்பாய்கள் சுட்டதில் அவருடைய அம்மா கையை இழந்தார். சிகாகோவில் 2006இல் மக்தலேனா நிறுவிய 106 இரும்பு உருவங்களுக்குத் தலை கிடையாது. யோசிக்காத கூட்டம் என்ன செய்யும் என்று தெரிந்தவர் செய்த கூட்டம் அது. மனித வெறுப்பு என்று அதை எப்படிச் சொல்வது?

அப்புறம், உருவமே இல்லாத படைப்புகள். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டாரஸ் என்ற கலைஞர் 1991இல் ஒரு மூலையில் மிட்டாய்களைக் குவித்து அதை ராஸ் என்பவரின் உருவப்படம் என்றார். ராஸ் அவருடைய துணைவர். அதே ஆண்டு எய்ட்ஸ் நோயில் இறந்தவர். குவியலின் உத்தேச எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ. நோய்க்கு முந்தைய ராஸின் எடை அது என்று பொதுவாகச் சொல்வார்கள். பார்க்க வருகிறவர் ஒரு மிட்டாயை எடுத்துத் தின்னலாம். எடுக்க எடுக்கக் குவியல் மெலிகிறது. நோயில் அந்த உடல் மெலிந்ததைப் போல. பிறகு அருங்காட்சியகம் மீண்டும் நிரப்பலாம். முகம் இல்லை, கை கால் இல்லை. ஆனால் ஒருவரை இழப்பது என்றால் என்ன என்பது நம் நாக்கில் இனிப்பாகக் கரைகிறது. இதைவிட நெருக்கமான உருவப்படம் எனக்குத் தெரியாது.

வெற்றுக் குவியல்களும் உண்டு, மறுக்கவில்லை. யாரையும் நினைவூட்டாத, யாருக்காகவும் வருந்தாத படைப்புகள் அவை. அவற்றின்மீது உங்களுக்கு வரும் கோபம் நியாயமானது.

உருவம் ஒழிந்தும் போய்விடவில்லை. அமெரிக்க ஓவியர் கெரி ஜேம்ஸ் மார்ஷல் பெரிய திரைகளில் மனிதர்களை வரைந்துகொண்டுதான் இருக்கிறார். எல்லோரும் கறுப்பின மக்கள். தோலைப் பழுப்பாக்காமல் சுத்தக் கறுப்பிலேயே தீட்டுகிறார். அருங்காட்சியகச் சுவர்களில் நூற்றாண்டுகளாக ஓரத்தில் நின்றவர்களை அவர் நடுவே கொண்டுவந்து உட்கார வைக்கிறார். அடுத்த முறை அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள்; பார்த்துவிட்டு எழுதுங்கள்.