விட்டுவிட்டேன்: ஏன் இரண்டு ‘விடு’?

கேள்வி: “காபியை விட்டுவிட்டேன்” என்கிறோம். ஒரே சொல் ஏன் இரண்டு தடவை வருகிறது? ‘விடு’வுக்கும் குடியிருக்கும் ‘வீடு’க்கும் தொடர்பு உண்டா, ஐயா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: உண்டம்மா. முதலில் அந்த இரண்டு ‘விடு’ கணக்கைத் தீர்த்துவிடுவோம். முன்னால் வரும் ‘விட்டு’தான் கைவிட்டதைச் சொல்கிறது. பின்னால் வருவது துணைவினை. காரியம் முடிந்தது என்று அழுத்திச் சொல்ல வருவது. ‘போய்விட்டான்’, ‘எழுதிவிட்டாள்’ எல்லாம் அப்படித்தான்.

இந்தச் சொல்லின் கனம் எனக்குத் தெரிந்தது என் அம்மாவிடம். காசிக்குப் போனவர்கள் ஒரு காய், ஒரு பழம் விடுவது வழக்கம். அம்மா விட்டது பலாப்பழம். பண்ருட்டிப் பக்கம் பிறந்தவர்! ஆனி மாதம் அப்பா திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் பழம் வாங்கி வந்தால், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அம்மாதான் அறுப்பார். சுளை சுளையாக எடுத்து எங்களுக்குத் தருவார். விரலில் வழிந்த தேனைக்கூட வாயில் வைக்காமல் கிணற்றடியில் கழுவிக்கொள்வார். யாராவது ஒரு சுளை நீட்டினால், “அதை விட்டாச்சும்மா” என்பார். பிடிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிடித்திருந்தால்தானே விட முடியும்! வள்ளுவரும் துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் (350) பற்றுக்கு எதிராக ‘விடு’வைத்தான் வைக்கிறார்: ‘பற்றுக பற்று விடற்கு.’

அப்புறம் வீடு. கெடு கேடாகிறது, சுடு சூடாகிறது. அதே மாதிரி விடு, வீடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்னும்போது அது விடுதலை. நம்மாழ்வார் ‘வீடுமின் முற்றவும்’ என்று, எல்லாவற்றையும் விடுங்கள் என்ற பொருளில், நெடிலாகவே பாடுகிறார். குடியிருக்கும் வீடும் இதே வேர்தான். நடையை விட்டு, சுமையை இறக்கித் தங்கும் இடம். ‘விடுதி’யையும் பாருங்கள். கன்னடத்தில் ‘பிடு’ என்றால் விடு, ‘பீடு’ என்றால் பாசறை. ஹளேபீடு என்ற ஊர்ப் பெயரில் இருப்பது அந்தப் பீடுதான்.

‘விடு’ என்றாலே கைகழுவுவது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரை சேர்ந்ததாகச் சொல்லும் இடம் நம் கடலூரில், வண்டிப்பாளையம் பக்கம் இருக்கிறது. அதன் பெயர் கரையேறவிட்டகுப்பம்.